அசையாத அடுக்கு

பத்ரிநாத்தில் குளிர் ஏறத் தொடங்கியதும் குபேரன் மூட்டை கட்டிவிடுவார். ஆழ்வார் பாடிய திவ்யதேசம் என்று அங்கே யாத்திரை போய் வந்த தமிழர்களுக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்கும். நவம்பரில் நடை சாத்துவார்கள். குபேரனும் உத்தவரும் பல்லக்கில் பாண்டுகேஸ்வரத்துக்கு இறங்குவார்கள். மூலவருக்கு ஆறு மாதம் பூஜை செய்வது நாரதர் பொறுப்பு என்பது ஐதீகம். மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மாணா கிராமத்து மக்களும் தட்டுமுட்டுச் சாமான்களோடு தாழ்வான ஊர்களுக்குப் போய்விடுவார்கள். தலைமுறை தலைமுறையாக மலையோடு குடித்தனம் செய்கிறவர்கள் அவர்கள். கிளம்பச் சொல்லி யாரும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியதில்லை.

பணத்துக்கு அதிபதியான தெய்வமே இறங்கிப் போன பிறகும் மேலே தங்கியிருப்பவர் யார்? கூலிக்காரர்தான். உத்தரப் பிரதேசம், பீகார், பஞ்சாப், ஹிமாச்சல் என்று பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். மாணாவிலிருந்து எல்லைக் கணவாய்ப் பக்கம் போகும் சாலையில் பனி அள்ளுவது வேலை. சாலை எல்லைச் சாலைகள் அமைப்பினுடையது, ஆட்கள் ஒப்பந்ததாரருடையவர்கள். தங்குமிடம் எட்டு இரும்புக் கன்டெய்னர்களும் ஒரு ஷெட்டும். உயரம் சுமார் 3,200 மீட்டர். 2025 பிப்ரவரி 28, விடியும் வேளை. படுக்கையில் இருந்தவர்கள் மேல் மலை இறங்கியது. 54 பேர் சிக்கினார்கள், 46 பேர் மீட்கப்பட்டார்கள், 8 பேர் செத்துப்போனார்கள்.

மாணாவுக்கு முன்பு 'இந்தியாவின் கடைசிக் கிராமம்' என்று பெயர். பிரதமர் வந்து, இனி இது முதல் கிராமம் என்றார். 2023இல் புதுப் பலகையும் நட்டாயிற்று. கடைசியை முதலாக்க ஒரு பெயின்ட் டப்பா போதும் என்று கண்டுபிடித்தவர்களுக்கு, பனி விழும் பாதையிலிருந்து ஒரு கன்டெய்னரை நகர்த்த எது போதும் என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

இதில் யாராவது, "முன்கூட்டியே தெரியாமல் போயிற்றே" என்று உச்சுக்கொட்டினால் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். தெரிந்துதான் இருந்தது. சண்டிகரில் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆய்வு நிறுவனம் ஒன்று இருக்கிறது, டி.ஜி.ஆர்.இ. என்பார்கள். பனியைப் படிப்பதுதான் அவர்களுடைய முழுநேர உத்தியோகம். பிப்ரவரி 27 மாலை 5 மணிக்கு அவர்கள் எச்சரிக்கை விட்டார்கள். சமோலி, உத்தரகாசி, ருத்ரபிரயாக், பித்தோராகர், பாகேஸ்வர் ஆகிய ஐந்து மாவட்டங்களிலும் 2,400 மீட்டருக்கு மேல் இருக்கும் இடங்களில் அடுத்த 24 மணி நேரத்துக்குப் பனிச்சரிவு அபாயம். மாணா சமோலியில் இருக்கிறது. 3,200 என்பது 2,400ஐவிடப் பெரிய எண். மறுநாள் விடியல் 24 மணி நேரத்துக்குள் அடங்கும். மூன்றாம் வகுப்புக் கணக்கு.

இந்தக் கணக்கை யார் போட வேண்டும் என்பதில்தான் சிக்கல். எச்சரிக்கை விட்டவருக்கு, விட்டதோடு கடமை முடிந்தது. வாங்கியவருக்கு, அடுத்த அலுவலகத்துக்கு அனுப்பியதோடு முடிந்தது. 'அனுப்பப்பட்டது', 'அறிவுறுத்தப்பட்டது', 'கேட்டுக்கொள்ளப்பட்டது' என்று அரசாங்கத் தமிழில் எழுவாயே இல்லாமல் ஒரு ராஜ்ஜியத்தை நடத்திவிடலாம். அரசாங்க இந்தியும் இதற்குச் சளைத்ததல்ல. ஐந்து மாவட்டங்களுக்கும் ஒரே வாக்கியத்தில் அபாயம் என்று எழுதினால், எந்த மாவட்டத்தில் யார் செத்தாலும் எழுதியவர் தப்பித்தார். எந்தச் சரிவு, எந்தத் திசை, கீழே யாருடைய கூடாரம், அவர்களை எத்தனை மணிக்குள் கிளப்ப வேண்டும் என்று எழுதினால் வேலை வந்துவிடும். வேலை வந்தால் பொறுப்பு வரும். பொறுப்பு வந்தால் என்ன ஆகும் என்று ஓய்வூதியத்தை எண்ணிக்கொண்டிருப்பவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பனியைப் போல வெளிப்படையான ஆசாமி உலகத்தில் கிடையாது. தான் எப்போது விழப்போகிறது என்பதை அது தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கும். ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. பனி மெல்லியதாகக் கிடந்து, மேலே கடுங்குளிரும் அடியில் தரையின் வெதுவெதுப்பும் இருந்தால், நடுவில் உள்ள நீராவி மேல்நோக்கி நகர்ந்து படிகங்களின் உருவத்தையே மாற்றிவிடும். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தாலே இந்த வேலை ஆரம்பமாகும். ஒன்றோடொன்று ஒட்டாத, கொட்டி வைத்த சீனி மாதிரியான ஓர் அடுக்கு அடியில் உருவாகும். அதன்மேல் ஒரே ராத்திரியில் புதுப்பனி கனமாக இறங்கும், காற்று அதை ஒரு பக்கமாகக் குவித்துப் பலகைபோல் இறுக்கும். சரிவு 30 முதல் 45 டிகிரி வரை இருந்தால், மேலிருக்கும் பலகைக்கு ஒரு சாக்குதான் தேவை. ஒரு மனிதனின் எடையும் சாக்காகலாம், இன்னும் ஒரு சாண் பனியும் சாக்காகலாம்.

இதைச் சோதிக்க ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம், ஒரு மண்வெட்டி போதும். மலைக்காரர்கள் பனியில் குழி வெட்டுவார்கள். குழியின் சுவரில் முப்பது சென்டிமீட்டருக்கு முப்பது சென்டிமீட்டர் என்று ஒரு தூணை ரம்பத்தால் அறுத்துத் தனியாக நிறுத்துவார்கள். அதன் தலையில் மண்வெட்டியின் தகட்டைக் கவிழ்த்து வைத்து, கையுறை போட்ட கையால் தட்டுவார்கள். முதல் பத்துத் தட்டு மணிக்கட்டை மட்டும் அசைத்து, அடுத்த பத்து முழங்கையிலிருந்து, கடைசிப் பத்து தோள்பட்டையிலிருந்து. எந்தத் தட்டில் தூண் முறிகிறது, எந்த ஆழத்தில் முறிகிறது, முறிந்த முகம் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருக்கிறதா, பிசிறடித்திருக்கிறதா என்று குறித்துக்கொள்வார்கள். மணிக்கட்டுத் தட்டிலேயே மேல்பகுதி மேசை இழுப்பறைபோல நழுவி வெளியே வந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். முப்பது தட்டுக்கும் முறியவில்லை என்றால் குறிப்பேட்டில் 'முறிவு இல்லை' என்று எழுதுவார்கள். அப்போதும் நம்பிவிட மாட்டார்கள், பத்தடி தள்ளி இன்னொரு குழி வெட்டுவார்கள்.

இதே சோதனையை அரசாங்க அலுவலகத்துக்கும் செய்து பார்க்கலாம். சமோலி மாவட்டத்தில் நமக்காகச் செய்தே காட்டியிருக்கிறார்கள்.

முதல் தட்டு 2021 பிப்ரவரி 7. ரோந்தி சிகரத்திலிருந்து பாறையும் பனியுமாக ஒரு மலைமுகமே பெயர்ந்து ரிஷிகங்கையில் இறங்கியது. இரண்டு நீர்மின் திட்டங்கள் துடைத்தெறியப்பட்டன. தபோவனில் சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர்கள் உள்ளேயே அடைபட்டார்கள். செத்தவர்களும் காணாமல் போனவர்களுமாக இருநூறுக்கு மேல். ஆற்றில் மேலே ஒரு கருவி வைத்து, கீழே ஒரு சங்கு ஊதியிருந்தால் சிலராவது ஓடியிருப்பார்கள். அலுவலகம் அசைந்ததா? பிசிறுகூட அடிக்கவில்லை.

இரண்டாவது தட்டு அதே ஆண்டு ஏப்ரல் 23. அதே மாவட்டம், நீத்திப் பள்ளத்தாக்கில் சும்னா. பனிச்சரிவு. விழுந்தது எங்கே என்று கேளுங்கள். சாலைத் தொழிலாளர் முகாம் மேல். யாருடைய சாலை என்றும் கேளுங்கள். அதே எல்லைச் சாலைகள் அமைப்பு. பத்துப் பேருக்கு மேல் போனார்கள். ராணுவம் நூற்றுக்கணக்கானோரை மீட்டதுதான் தலைப்புச் செய்தியாயிற்று. மீட்டவர்களின் வீரத்தில் எனக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. தீயை அணைத்தவரைக் கொண்டாடிவிட்டு, தீப்பெட்டியை அதே இடத்தில் திரும்ப வைத்துவிட்டு வருகிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது தட்டு மாணா. இது தோள்பட்டையிலிருந்து விழுந்த தட்டு. அலுவலகம் அசைந்ததா? குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: முறிவு இல்லை. இமயமலை முழுவதும் தேடினாலும் இவ்வளவு உறுதியான அடுக்கு கிடைக்காது.

உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம். முதலில் 57 என்றார்கள். பிறகு இரண்டு பேர் லீவில் இருக்கிறார்கள், 55 என்றார்கள். அதன்பிறகு ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டது தெரிந்து 54 ஆயிற்று. பனிக்கடியில் இவர்கள் தேடிக்கொண்டிருந்த மனிதர் ஹிமாச்சலில் தன் வீட்டில் பத்திரமாக இருந்தார். அவர் பிழைத்ததில் நமக்குச் சந்தோஷம். அந்த மலையில் விழுந்த பனியை சென்டிமீட்டர் கணக்கில் சொல்லத் தெரிந்த அரசாங்கத்துக்கு, அதன் கீழே படுத்திருந்த ஆட்களை விரல்விட்டு எண்ணத் தெரியவில்லை. சம்பளப் பட்டியலில் கைநாட்டு வாங்கும்போது மட்டும் இந்தக் குழப்பம் வந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

மீட்பு உபகரணங்கள் வந்த கதையும் உண்டு. பனிக்குள் புதைந்த ஒருவருக்கு முதல் கால் மணி நேரம்தான் உயிர். அதற்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலானோர் பிழைப்பார்கள், அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர் மிஞ்சினாலே அதிகம். உலகம் முழுக்க மலையேறுகிறவர்களுக்குத் தெரிந்த கணக்கு இது. தரையை ஊடுருவிப் பார்க்கும் ராடார் டெல்லியிலிருந்து மாணாவுக்கு வந்து சேர்ந்தது மூன்றாம் நாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இங்கே நமஸ்காரத்துக்கான சூரியனையே விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

அப்புறம் கன்டெய்னருக்குப் பாராட்டு விழா. இரும்புப் பெட்டி நசுங்காமல் உருண்டதால், உள்ளே கொஞ்சம் காற்று இருந்ததால், பலர் பிழைத்தார்கள் என்று எழுதினார்கள். உண்மைதான். ஆனால் சரிவின் பாதையில் ஆளைப் படுக்க வைத்துவிட்டு, படுக்க வைத்த பெட்டி நல்ல பெட்டி என்று மெச்சிக்கொள்வதற்கு ஒரு தனி மனசு வேண்டும். தப்பித்தவர்கள் செருப்புகூட இல்லாமல் இடுப்பளவு பனியில் ஓடியதைப் பற்றி எந்தப் பெட்டிக்கும் நற்சான்றிதழ் இல்லை.

இந்த நோய் இந்தியாவுக்கு மட்டும் சொந்தமல்ல. நம்மவர்களுக்கு எதிலும் முதலிடம் வேண்டும், அதனால் இத்தாலிக்காரர்களின் சாதனையையும் சொல்லிவிடுகிறேன். அப்ருஸ்ஸோ மலைப்பகுதியில் ரிகோபியானோ என்று ஒரு சொகுசு ஓட்டல். நீச்சல்குளம், ஸ்பா, மலைக்காட்சி எல்லாம் உண்டு. 2017 ஜனவரியில் நாள்கணக்கில் பனி கொட்டியது. அபாய அளவு ஐந்தில் நான்கு என்று அறிக்கை வந்தது. 18ஆம் தேதி அந்த வட்டாரத்தில் நான்கு முறை பூமி அதிர்ந்தது, நான்கும் ஐந்தோ அதற்கு மேலோ அளவுள்ளவை. பயந்துபோன விருந்தினர்கள் பெட்டி படுக்கையைக் கட்டி, கோட்டு மாட்டி, கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கிளம்ப வழியில்லை. சாலையில் பனி மூடிக் கிடக்கிறது. பனி வாரும் வண்டி மதியம் வரும் என்றார்கள், பிறகு சாயங்காலம் என்றார்கள். அந்த வட்டாரத்தின் பெரிய பனி வாரும் இயந்திரம் ரிப்பேருக்குப் போய், பழுது பார்க்கக் காசு ஒதுக்காமல் நின்றுகொண்டிருந்தது. ஓட்டல்காரர் உதவி கேட்டு அதிகாரிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் மலை இறங்கியது.

வெளியே காருக்கு வந்ததால் தப்பிய ஒருவர் தன் முதலாளிக்கு போன் செய்தார். முதலாளி அவசர எண்ணுக்கு போன் செய்தார். எதிர்முனையில் இருந்த அதிகாரி நம்பவில்லை. சற்று முன்னால்தான் ஓட்டலோடு பேசினோம், எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. ஓட்டல் அப்போது இல்லை. 29 பேர் இறந்தார்கள். 11 பேர் பிழைத்தார்கள். அந்த மாகாணத்தில் பனிச்சரிவு அபாய வரைபடம் தயாரிக்க வேண்டும் என்று 1992இலேயே சட்டம் போட்டிருந்தார்கள். சட்டத்தைப் போட்டவர்கள் வரைபடத்தைப் போடவில்லை. 30 பேர் மேல் வழக்கு நடந்து, 2023 தீர்ப்பில் 25 பேர் விடுதலை. மேல்முறையீட்டில் தண்டனைப் பட்டியல் கொஞ்சம் நீண்டது. சமோலி அலுவலகத்துக்கும் ரிகோபியானோ வட்டாரத்து பெஸ்காரா அலுவலகத்துக்கும் நடுவே ஏழு கடல் இருக்கலாம், மேசையும் நாற்காலியும் ஒரே மரத்தில் செய்ததுதான்.

செய்ய முடியாத காரியமா இது? சுவிட்சர்லாந்தில் 1950-51 குளிர்காலத்தில் நூறு பேருக்குப் பக்கத்தில் செத்தார்கள். அதற்குப் பிறகு எந்தக் கிராமத்தில் எந்தத் துண்டு நிலம் சரிவின் பாதை என்று வரைந்தார்கள். சிவப்பு போட்ட இடத்தில் வீடு கட்டக் கூடாது. குளிர்காலத்தில் டாவோஸில் உள்ள பனி ஆய்வு நிறுவனம் அங்கேயும் மாலை 5 மணிக்குத்தான் அறிக்கை விடுகிறது. ஆனால் அந்த அறிக்கையில் எந்தத் திசைச் சரிவு, எந்த உயரத்துக்கு மேல், அடியில் என்ன கோளாறு என்று இருக்கும். அதை வைத்து உள்ளூர்க்காரர் சாலையை மூடுவார், தெருவைக் காலி செய்வார். அவர்களுக்கும் தப்பு நடக்கும். பக்கத்து ஆஸ்திரியாவில் 1999இல் கால்டியூர் கிராமத்தில், பத்திரமான இடம் என்று பச்சை போட்ட பகுதிக்குள்ளேயே பனி புகுந்து 31 பேரைக் கொன்றது. அதன் பிறகு பச்சையைத் திருத்தினார்கள், மலையில் தடுப்பு கட்டினார்கள், ஊருக்குக் குறுக்கே பெருஞ்சுவர் எழுப்பினார்கள். அங்கே ஒரு தட்டுக்கு ஒரு முறிவாவது விழுகிறது.

"இத்தனை வருஷமா இங்கதான் இருக்கோம், ஒண்ணும் ஆகலையே" என்ற வாசகத்தை மட்டும் எல்லா நாட்டு மலையிலும் எல்லா மொழியிலும் கேட்கலாம். ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை இறங்கும் சரிவுக்கு நாற்பத்தொன்பது வருடம் நற்சான்று கொடுப்பது மனித சுபாவம். அந்தச் சுபாவத்துக்கு எதிராகத்தான் விஞ்ஞானிகளுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறோம். அவர்களும் சொல்லிவிட்டார்கள். கேட்க வேண்டிய காதுக்கு மட்டும் டெண்டர் விடவில்லை.

தமிழ்நாட்டில் நம்மில் பலருக்குப் பனிச்சரிவு என்பது நம் வீட்டுச் செய்தியானது 2016 பிப்ரவரியில். சியாச்சினில் 19,000 அடிக்கு மேலே சோனம் முகாமில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் பத்துப் பேர் மேல் பனிச்சுவர் சரிந்தது. கர்நாடக வீரர் ஒருவர் ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்டு, மருத்துவமனையில் இறந்தார். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு நான்கு பெட்டிகள் வந்தன. குண்டு முழங்கியது, தேசியக் கொடி போர்த்தினார்கள், அமைச்சர்கள் மலர்வளையம் வைத்தார்கள். அந்த மரியாதையில் ஒரு பூவைக்கூட நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 'வீரமரணம்' என்ற சொல்லை உச்சரித்த கையோடு, அந்தச் சுவரைப் பற்றி யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்ற கேள்வியையும் சேர்த்துப் புதைத்துவிட்டார்கள். மாணாவில் இறந்த தொழிலாளிக்கு அந்தச் சொல்லும் கிடையாது. அவர் 'பேரிடரில் பலியானவர்'. அவரைக் கொன்றது இயற்கை. இயற்கைக்கு மெமோ கொடுக்க முடியாது, சஸ்பெண்ட் செய்ய முடியாது. குற்றவாளி என்றால் இப்படி அல்லவா வாய்க்க வேண்டும்!

குறை சொல்வது சுலபம், வழி சொல்லுங்கள் என்பார்கள். சொல்கிறேன், செலவில்லாத வழி. அடுத்த குளிர்காலத்திலிருந்து, மலைமுகாம்களுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கையை வாங்கி மேலே, கீழே, பக்கவாட்டில் அனுப்பும் அதிகாரிகள் அனைவரும் டிசம்பர் முதல் மார்ச் வரை அந்த முகாம்களிலேயே தங்கிப் பணியாற்ற வேண்டும். அதே இரும்புக் கன்டெய்னர், அதே இரண்டடுக்குக் கட்டில். சீனியாரிட்டிப்படி மேல் கட்டிலா, கீழ்க் கட்டிலா என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கோப்புகளையும் கூடவே கொண்டுபோகட்டும். மாலை 5 மணி எச்சரிக்கை நேராகத் தலையணைக்கே வரும், ஃபார்வர்டு செய்யும் சிரமம் மிச்சம். பயணப்படி, உயரப்படி, குளிர்ப்படி எல்லாம் கொடுக்கலாம், தப்பில்லை.

அப்படி ஓர் உத்தரவு கையெழுத்தானால், முதல் அதிகாரியின் பெட்டி வழியில் உள்ள ஜோஷிமட்டைத் தாண்டுவதற்குள் முகாம் வேறு இடத்துக்குப் போயிருக்கும். ஆய்வுக்குழு கிடையாது, மதிப்பீட்டு அறிக்கை கிடையாது, நிதி ஒதுக்கீட்டுக்குக் காத்திருப்பது கிடையாது. தொழிலாளர்களும் எண்ணிக்கை பிசகாமல் போய்ச் சேர்ந்திருப்பார்கள். யாராவது பந்தயம் கட்டத் தயாரா?